ஓடிபி மணிவேலுக்குப் போவுது

— நீங்களே சொல்லுங்க, ஒரே அடுப்புல ஆக்கித் தின்னு, ஒரே கூரைக்குக் கீழ படுத்து எழுந்து பத்து வருசம் மேல ஆவுது. இந்தாளு எனக்கு யாருன்னு நெனக்கிறீங்க?

— நான் நெனக்கிறதுல ஒண்ணும் இல்லம்மா. உங்க ஆதார்ல கணவர் பேரு மணிவேல்னு இருக்கு. ஐயா பேரு தீர்த்தகிரி. ரூமும் ஐயா பேர்ல ஒரு ஆளுக்குத்தான் புக் ஆயிருக்கு.

— மாதம்மா, கொரல எறக்கு. இது பாண்டிச்சேரி. பின்னால நாலு பேரு பொட்டியோட நிக்கிறாங்க பாரு.

— நிக்கட்டும். நான் இன்னா அவங்க பொட்டியவா தூக்கினேன்? பாப்பா, உம்பேரு இன்னா?

— நதியாம்மா.

— நதியா, எங்க ஜவ்வாது மலைல ஒருத்தன்கூட வாழப் புடிக்கலன்னா ஊரு கூடும். ஊர்க்கவுண்டர் முன்னால ரெண்டு பக்கமும் பேசுவாங்க. கட்டுன தாலிய திருப்பிக் குடுத்தா தீந்துது. அப்புறம் புடிச்சவன்கூட போலாம். யாரும் தப்பா பேச மாட்டாங்க. அப்டித்தான் நானும் மணிவேல வுட்டு இவர்கூட வந்தேன். திருட்டுத்தனமா வர்ல.

— எனக்குப் புரியுதும்மா, கம்ப்யூட்டருக்குப் புரியாது. நீங்க தாராளமா தங்கலாம். உங்க ஆதார் நம்பர இதுல அடிச்சா போனுக்கு ஓடிபி வரும், அந்த ஆறு நம்பர சொன்னா போதும். அனுப்பிட்டேன். நாப்பத்தேழுல முடியற போன். வந்துச்சா?

— என் போன் நாப்பத்தேழுல முடியாதே.

— அப்ப அது யார் நம்பர்?

— மணிவேலு நம்பரு.

— இன்னாது?

— கத்தாதய்யா. நாலு பேரு நிக்கிறாங்கன்னு நீதான சொன்ன.

— அந்தக் குடிகாரன் நம்பரா இன்னும் ஒங்கார்டுல கீது?

— கார்டு எடுக்கறப்ப அவன்தான எம்புருசன். பின்ன யார் நம்பர குடுப்பாங்க, கலெக்டர் நம்பரா? குடிய அவன் வுட்டு எவ்ளோ நாளாச்சு.

— அதெல்லாம் ஒனக்கு எப்டித் தெரியும்? நதியாம்மா, எனக்கு நாளைக்குக் கண்ணு ஆப்பரேசன். கூட ஒரு ஆளு இல்லாம ஆஸ்பத்திரில சேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இவள இட்டாந்தேன். வேற வழி இல்லியா?

— வெள்ளிக்கெழமைய்யா. ஊரு பூரா டூரிஸ்ட்டு, எங்க போனாலும் ரூம் கெடைக்காது. அவருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்.

— நானா? அவனாண்டயா?

— நீ ஒண்ணும் போட வேணாம். நானே போடறேன். நம்பரு மனசுல கீது.

— மனசுல வேற கீதா?

— இந்தா, ஸ்பீக்கர்லயே போடறேன். நீயே கேட்டுக்க. அலோ, மணிவேலு?

— மாதம்மாளா? இப்பதான் ஒரு மெசேஜி வந்திச்சு, நானே கூப்புடலாம்னு இருந்தேன். இது ரேசனுக்கா, நூறு நாள் வேலைக்கா?

— ரெண்டும் இல்ல. பாண்டிச்சேரில ஒரு ஓட்டல்ல கேக்கறாங்க. அந்த நம்பர சொல்லு.

— எழுதிக்க. நாலு, ஒண்ணு, ஒம்போது, ஒம்போது, ரெண்டு, எட்டு. தீர்த்தகிரி அண்ணன் கண்ணு ஆப்பரேசனா? சந்தைல சொன்னாங்க. அண்ணே, கேக்குதா? நல்லபடியா முடியும்ணே. அவளுக்கு ஏசி ஒத்துக்காது, இருமிக்கினே இருப்பா. பேன மட்டும் போட்டு வுடுங்க.

— வைடா போன.

— சரிண்ணே.

— ஓகே ஆயிடுச்சிய்யா. இந்தாங்க சாவி, ரெண்டாவது மாடி. சுடுதண்ணி எந்நேரமும் வரும். காலைல இட்லி, பொங்கல் கீழயே இருக்கும், அதுக்குத் தனியா பில் கெடையாது.

*

— கதவ சாத்துய்யா. நல்ல ரூமாத்தான் கீது. ஆடம்பரம் இல்ல, சுத்தமா கீது. மெத்த எம்மாம் மெத்துனு கீது பாரு. ஜன்னல தொறந்தா கடக்காத்து. இதுல வந்து இப்டி மூஞ்சிய தூக்கி வெச்சினு ஒக்காந்தா எப்டி?

— ரேசனுக்கா, நூறு நாள் வேலைக்கான்னு கேக்கறான். எத்தினி நாளா நடக்குது இந்தப் பேச்சு?

— எத்தினி மெசேஜி வந்திச்சோ அத்தினி நாளா. எங்கூலி பேங்குல ஏறிச்சின்னா மொதல்ல அவனுக்குத்தான் தெரியுது. போன் போட்டு சொல்லுவான், இல்ல சந்தைக்கு வர்றவங்களாண்ட சொல்லி அனுப்புவான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசுனதில்ல.

— ஏசி ஒத்துக்காதுன்னு பேசறானே, அது இன்னா வார்த்த?

— ஒத்துக்காதுதான. நீ இன்னா பண்ண? உள்ள வந்து செருப்ப கழட்டல, ஏசிய போட்ட.

— ஊரு சிரிக்கப் போவுது.

— ஊருக்கு எல்லாம் தெரியும். ஜமுனாமரத்தூர் ஆதார் சென்டருக்கு வா, பேரையும் நம்பரையும் மாத்திட்டு வந்துடலாம்னு நான் எத்தினி வாட்டி கூப்ட்டேன்? சாமை அறுப்புன்ன. புளி உலுக்கணும்ன. மாட்டுக்குக் காலு வீங்கிக்கிச்சின்ன. ஒருநாளு சென்டர்காரனுக்கே காய்ச்சல்ன. போய்ப் பாத்தா அவன் தொறந்து வெச்சினு டீ குடிக்கிறான்.

— ஒரு காய்தத்துல இன்னாமே கீது?

— கீழ அந்தப் பொண்ணு நம்மள மேலயும் கீழயும் பாத்துச்சே, அதுல கீது. இந்த வயசுல நான் எவங்கூடவோ ரூம் எடுக்க வந்தவ மாதிரி நின்னேன். நீ செவுத்துல மாட்டிக்கீற கடல் படத்த பாத்துனு நின்ன.

— சரி, வுடு. ஆப்பரேசன் முடியட்டும். ஊருக்குப் போனதும் மொத வேலையா சென்டருக்குப் போறோம். எம்பேரு ஏத்தறோம். போதுமா?

— ஆனந்தன் இன்னா சொல்வான்?

— அவன் இன்னா சொல்றது? எம்புள்ள அவன், நானு அவன் புள்ள இல்ல.

— ஒம்புள்ளதான திருப்பூர்லருந்து ரூம் போட்டுக் குடுத்துக்கிறான், ஒரு ஆளுக்கு. நானும் வந்துக்கிறது அவனுக்குத் தெரியுமா?

— தெரியாம இன்னா?

— போன் அடிக்குது பாரு. அவன்தான். எடுத்துப் பேசு, நானும் கேக்கறேன்.

— ஆனந்தா, சொல்லுப்பா. ஆமாம்பா, வந்து சேந்துட்டேன். நல்ல ரூமு, சௌரியமா கீது. ஆப்பரேசன் பத்து மணிக்குன்னாங்க. கூடவா? கூட நம்ம கோபால்சாமி வந்துக்கிறான். ஆமா, மேல் வூட்டு கோபால்சாமி. அவ எதுக்குப்பா இங்க, அவ வூட்ல மாட்ட பாத்துனு கீறா. அவனாண்ட குடுக்கறதா? அவன் கடல பாக்கப் போனான், வர்ல. இருமலா? அது டிவிப்பா. டிவில எவளோ இருமறா. வெச்சிடறேன்.

— கோபால்சாமிக்கு மீச கீதுய்யா. எனக்கு எங்க கீது?

— மாதம்மா, ஆப்பரேசன் செலவ அவன்தான் பாக்கறான். இந்நேரத்துல அவன் கோவிச்சிக்கினா நான் குருடனாத்தான் திரியணும்.

— ஆப்பரேசன் இந்த மாசம் வந்துது. இத்தினி வருசமா இன்னா வந்துது?

— சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். அவங்கம்மா செத்த வூடு அது, அவங்கம்மா பேரு இருந்த எடத்துல எந்தக் காய்தத்துலயும் இன்னொருத்தி பேரு வரக்கூடாதுன்னு அழுதான். ஒன்ன இட்டாந்த அன்னிக்கே.

— அன்னிக்கேவா?

— அன்னிக்கேதான்.

— அப்ப சாமை அறுப்பும் பொய்யி, மாட்டுக்காலும் பொய்யி. இப்ப சொன்னியே, ஊருக்குப் போனதும் சென்டருன்னு, அதுவும் பொய்யி.

— ஒனக்கு வூட்ல நான் இன்னா கொற வெச்சேன்?

— ஒண்ணும் வெக்கல. வூட்டுக்குள்ள ராணியாத்தான் வெச்ச. வாசப்படி தாண்டுனா நானு டிவில இருமறவ. மணிவேலு குடிச்சான், வூட்ல ஒரு படி அரிசி தங்கல, தாங்காம வந்தேன். ஆனா எவ்ளோ போதையா இருந்தாலும் யாரு கேட்டாலும் இவ எம்பொண்டாட்டின்னுதான் சொன்னான். நீ பச்சத்தண்ணி குடிச்சிட்டு சொல்ற, கோபால்சாமின்னு.

— ஆனந்தனுக்கு நாளைக்கு நானே சொல்லிடறேன். கண்ணக் கட்டிட்டாங்கன்னா அவன் மூஞ்சியும் தெரியாது, தைரியமா சொல்லிடுவேன்.

— போன்ல எவன் மூஞ்சிய்யா தெரியுது? அந்த ஏசிய நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— படு. நாளைக்குக் கண்ணு.

*

— குட் மார்னிங்ய்யா. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லவா?

— நதியாம்மா, மாதம்மா பொங்கல் சாப்ட கீழ வந்தாளா? எழுந்து பாத்தா ஆளக் காணோம்.

— அவங்க பைய எடுத்துக்கிட்டு மொத பஸ்ஸுக்கே போய்ட்டாங்கய்யா. கெளம்பறப்ப இங்க நின்னுதான் மணிவேலுக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டாங்க. செங்கம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்னு அவரு சொன்னாரு.