குடத்தில் எடுத்த பெயர்

பெயர்: லோகநாயகி, வயது 45, கணவர் பெயர் சின்னதம்பி (காலஞ்சென்றவர்), மேட்டுமுனைக் குப்பம், பழவேற்காடு அஞ்சல், பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மகன் ரஞ்சித்துடன் வசித்து வருகிறேன். பி.ஏ. வரலாறு படித்திருக்கிறேன். பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை செய்கிறேன். என் கணவர் கடலில் படகு கவிழ்ந்து இறந்துவிட்டார். ரஞ்சித் எனக்கு ஒரே பிள்ளை. அவன் மீன்வள அறிவியலில் பட்டம் முடித்து, நியூசிலாந்தில் ஒரு சால்மன் மீன் பண்ணை வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். வேலை அனுமதிக்காகக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். விண்ணப்பித்ததில், அவன் அடிதடி வழக்கு ஒன்றில் ஐந்தாம் எதிரியாக இருப்பதாகச் சொல்லிச் சான்று மறுக்கப்பட்டது. பண்ணைக்காரர்கள் இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார்கள். ஆகவே அந்த வழக்கை மறுபடி விசாரிக்கும்படி மனு கொடுத்தேன். இன்று உதவி ஆய்வாளர் அவர்கள் முன் ஆஜராகி நான் சொல்வதாவது:

எங்கள் ஊரில் ஏரிக்குள் வலை போடும் இடத்தைப் பாடு என்போம். நல்ல இடத்துக்குச் சண்டை வராமலிருக்க, வீட்டுக்கு ஓர் ஆண் பெயரைச் சீட்டில் எழுதிப் பித்தளைக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். குடத்தில் வந்ததை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. என் கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டுச் சீட்டில் ரஞ்சித்தின் பெயர் எழுதப்பட்டது.

சென்ற ஆண்டு பங்குனி மாதம், பக்கத்துக் குப்பத்தார் எங்களுக்கு விழுந்த இடத்தில் வலை விட்டார்கள் என்று ஏரிக்குள் தகராறு நடந்தது. அதில் அவர்களில் ஒருவருக்குத் துடுப்பால் அடி விழுந்து கை முறிந்தது. அன்று ரஞ்சித் தூத்துக்குடியில், கல்லூரியில் செய்முறைத் தேர்வில் இருந்தான். அதன் பிறகு போலீசார் வந்து அடித்தவர்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். அன்று மாலை ஊர்க்கூட்டம் கூடியது. ஊருக்காக அடித்தது ஊருக்கே பொது, அடித்தவன் வீட்டு அடுப்பு மட்டும் ஏன் அணைய வேண்டும் என்று பேசி, பாடு எடுக்கும் அதே குடத்தில் சீட்டுப் போட்டு, போலீசாரிடம் கொடுக்க ஆறு பெயர்களை எடுத்தார்கள். இது முன்பிருந்தே உள்ள வழக்கம். பெண்கள் கோயில் மதிலுக்கு வெளியே நிற்போம். நானும் நின்றிருந்தேன். ஐந்தாவதாக என் மகன் பெயர் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல பாடு விழும்போதும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

அதன் பிறகு அவனுக்குப் போன் செய்தேன். "நம்ம மொற வந்துக்குது, அவ்ளோதானம்மா" என்றான். அதன் பிறகு ஊருக்கு வந்து, ஊர் வைத்த வக்கீலுடன் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே கல்லூரிக்கு ரயில் ஏறினான். இப்படிப்பட்ட வழக்குகள் இதுவரை ராஜியில் முடிந்துவிட்டன. கடலுக்குப் போகிறவனிடம் யாரும் நன்னடத்தைச் சான்று கேட்பதில்லை. ஆகவே குடத்தில் பெயர் வந்ததால் ஒருவன் எதையும் இழந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சான்று மறுக்கப்பட்ட பிறகு ஊர்த் தலைவர் வேதாசலத்தைப் போய்ப் பார்த்தேன். அவர் நாலைந்து பேருடன் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அங்கே என்ன மீன் என்று கேட்டார்கள். சால்மன் என்றேன். "அது ஐஸ் பொட்டியிலயே பொறக்கிற மீனாச்சே. அதுக்கு சோறு ஊட்டவா இம்மாம் படிப்பு?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு, ரஞ்சித் அன்று ஊரில் இல்லை என்பதை மட்டும் நிலையத்தில் வந்து சொல்லும்படி வேதாசலத்திடம் கேட்டேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "கொடத்துல வந்த பேர எடுத்தா அந்த எடத்துல இன்னொரு பேர வெக்கணும். யார வெக்கட்டும், நீயே சொல்லும்மா" என்றார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஊரைக் கேட்காமல் நிலையத்துக்குப் போனால் எங்கள் வீட்டுச் சீட்டு இனிக் குடத்தில் விழாது என்று மாலையில் சொல்லியனுப்பினார்.

மறுநாள் துடுப்பால் அடித்தவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணி, அடிச்சது நானு. நானே வந்து எழுதிக் குடுத்துர்றேன், புள்ள போவட்டும்" என்றார். ஊரில் பாதிப் பேர் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் கணவரின் உடலைத் தேடிக் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். ரஞ்சித் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தான். டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை அவருடைய பைக்கில்தான் வந்தேன். நிலையத்து வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நீங்க உள்ள போங்க அண்ணி, வண்டிய நெழல்ல வுட்டுட்டு வந்துர்றேன்" என்றார். நான் உள்ளே வந்தேன்.

அடித்தவர் யார் என்று தெரியுமா என உதவி ஆய்வாளர் கேட்டார். தெரியும் என்றேன். பெயரைக் கேட்டார். அவரே வந்து சொல்வார் என்றேன். அதன் பிறகு எழுதுவதை நிறுத்திக் காத்திருந்தோம். அதன் பிறகு நான் எழுந்து போய் ஜன்னல் வழியே பார்த்தேன். புங்க மரத்து நிழலில் வண்டி இல்லை. ரோட்டிலும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். உதவி ஆய்வாளர் மறுபடியும் பெயரைக் கேட்டார்.

எடுத்த பெயருக்குப் பதிலாக யாரை வைப்பது என்று வேதாசலம் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். திருவேங்கடம். என் கணவருடன் பிறந்த தம்பி.

எனக்குப் படிக்கத் தெரியும் என்பதால் இதை யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லி நானே இருமுறை வாசித்தேன். நான் சொன்னதைவிட இதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுத்தும் நான் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சி. லோகநாயகி

என் முன்பாக,
(ஒப்பம்)
காவல் உதவி ஆய்வாளர்