செந்தாமரைக்கு வந்த சீட்டு

இன்ஸ்பெக்டர் ஐயா, எழுத்து கத்துக்கிட்டது எனக்கு ஐம்பத்திரண்டாவது வயசில். ஒரகடம் குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு சாயங்கால வகுப்புக்குப் போவேன். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கோணல்மாணலாக இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன்.

இந்தத் தை மாசம் குவாரியில் டாக்டர் முகாம் போட்டார்கள். என் மருமகள் செந்தாமரை அப்போது இரண்டு மாசம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கியது. மறுவாரம், முகாமில் அவளைப் பரிசோதித்த நர்ஸ் ஷெர்லின் ஆள் மூலம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தது. செந்தாமரை அதை என்னிடம் நீட்டினாள்.

விரல் வைத்துப் படித்தேன்.

"சத்து மாத்திரை சாப்பிடணும். அஞ்சாம் மாசம் வரணும்."

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அத்த, மூணு வரி கீது. நீ ரெண்டுதான் சொல்ற?"

"மூணாவது டாக்டரம்மா கையெழுத்துடி. வந்துட்டா பெரிய கலெக்டரு."

சிரித்தாள். நம்பவில்லை. மறுநாள் திரும்பப் படிக்கச் சொன்னாள். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அதற்காக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

"கலைக்கச் சொல்லலையே அத்த? குன்றத்தூர் கோயில் படி பாதி ஏறறதுக்குள்ள நெஞ்சை அடைக்குது. பயமா கீது. உன் வகுப்பு டீச்சர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வரேன்."

சீட்டைக் கஞ்சிப்பானை அடுப்பில் போட்டேன். எலி இழுத்திருக்கும் என்றேன்.

அஞ்சாம் மாசம் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, மாத்திரை நானே வாங்கி வருவதாகச் சொல்லி அவளை நிறுத்திவிட்டேன். அப்புறம் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஏழாம் மாசம் ஷெர்லினே வீடு தேடி வந்தது.

"ஏம்மா, இதயம் தாங்காதுன்னு அப்பவே எழுதி அனுப்பினேனே? கலைக்கறதா வேணாமான்னு அவதான் முடிவு பண்ணணும். சட்டமே அப்படித்தான். இப்ப காலம் தாண்டிப் போச்சே."

செந்தாமரை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வயித்துல கீற உசுருக்கு யாரு சட்டம் போட்டது?" என்று நான் ஷெர்லினைக் கேட்டேன். இப்போது உங்களையும் கேட்கிறேன்.

எழுத்து புரியாமல் தப்பாகப் படித்திருப்பேன் என்று டீச்சர் எனக்காகப் பேசினார்களாம். அது வேண்டாம் ஐயா. முதல் தடவையே சரியாகத்தான் படித்தேன். 'கர்ப்பம் வளர்ந்தால் தாய் உயிருக்கு ஆபத்து. உடனே வந்தால் கலைத்துவிடலாம்' என்று இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் பிரசவ மேசையிலேயே போய்விட்டாள். நான் கொன்றேன் என்கிறீர்கள். குழந்தை கால் மணி நேரம் மூச்சு விட்டது. அந்தக் கால் மணி நேரம் நான் கொடுத்தது ஐயா. அதையும் உங்கள் கேசில் எழுதிக்கொள்ளுங்கள்.