மூன்றாவது தும்மல்

மாமா: சத்தியமாச் சொல்றேன் மச்சான். நாப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி உங்க அக்கா போட்ட தும்மல், நேத்து சாயங்காலம் இந்த ஸ்பீக்கர்ல கேட்டுச்சு!

தம்பி: மாமா... நான் உங்ககிட்ட வச்சிட்டுப் போனது வெறும் ஆம்ப்ளிஃபயர்தான்.

அக்கா: பார்த்தியாடா? ரெண்டு நாள் போட்டுக் கேளுங்க, பிடிக்கலைன்னா எடுத்துக்கறேன்னு வச்சிட்டுப் போனே. அதுக்குள்ள மனுஷனுக்கு மூளை கலங்கிடுச்சு.

மாமா: தும்மல் மட்டுமா? புல்லாங்குழல்காரர் மடியிலேர்ந்து துண்டை எடுத்தது கேட்டுச்சு. கடைசி வரிசையில ஒருத்தர் கால் மேல கால் மாத்திப் போட்டது கேட்டுச்சு. வலது கால்!

அக்கா: செருப்பு என்ன சைஸுன்னும் சொல்லிடுங்க.

மாமா: எட்டு.

தம்பி: அக்கா, அஞ்சு மணிக்கு இன்னொருத்தர் இதைப் பார்க்கக் கடைக்கு வர்றார். வேணுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லு. வேண்டாம்னா இப்பவே கழட்டிடறேன்.

மாமா: வேணும்!

அக்கா: அவன் உங்களைக் கேக்கலை.

மாமா: என்னை எதுக்குக் கேக்கணும்? உக்காந்து கேக்கப் போறவன் மட்டும்தானே நான்!

அக்கா: கேக்கப் போறது தெருவே. என் தையல் மெஷினை ஓரமாத் தள்ளிட்டு, அந்த இடத்துல இந்த இரும்புப் பெட்டி. ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்க முடியலை ரெண்டு நாளா. ஏன்டா, பழசுதான் நல்லா ஓடுதே?

தம்பி: ஓடுது. உள்ளே நாலு கண்டென்சர் காஞ்சு போச்சு, அவ்வளவுதான். மாத்தினா இன்னும் அஞ்சு வருஷம் வரும்.

மாமா: மச்சான், நீ விக்க வந்தவனா, இல்ல எதிர்க்கட்சி வக்கீலா?

தம்பி: உள்ளதைச் சொன்னேன் மாமா. ஆனா 'உம்ம்'னு அடியில ஒரு இரைச்சல் இருக்கே, அது போகாது. அது டிரான்ஸ்ஃபார்மரோட கோளாறு.

மாமா: அப்படி வா வழிக்கு! அந்த உம்முக்கு அடியிலதான் உங்க அக்கா புதைஞ்சு கிடந்தா. புதுசைப் போட்டேன்... எழுந்து உக்காந்து தும்மிட்டா!

அக்கா: முப்பத்தஞ்சு வருஷம் மில்லுல தறிப் பக்கத்துல நின்ன காது அது. குக்கர் விசில் கேக்காது. காலிங் பெல் கேக்காது. நான் கூப்பிட்டா அறவே கேக்காது. தும்மல் மட்டும் கேக்குமாம்.

மாமா: இந்தக் காதைப் பத்தி மில்லுல போய்க் கேளு. நானூறு தறி ஓடும். நான் கண்ணை மூடிட்டு, இருநூத்திப் பதினேழுல நூல் அறுந்திருக்குன்னு சொல்வேன். மேனேஜர் ஓடிப் போய்ப் பார்ப்பார். அறுந்திருக்கும்!

அக்கா: நீங்களே அறுத்துட்டு வந்து சொல்லியிருப்பீங்க.

தம்பி: சரி சரி... எந்த ரெக்கார்டு மாமா அது?

மாமா: போன வாரம் பழைய ரெக்கார்டுக் கடையில பொறுக்கிட்டு வந்தேன். புல்லாங்குழல் கச்சேரி. ஹால்ல ஜனங்களை வச்சுக்கிட்டே பதிவு பண்ணினது. இந்தா, அட்டையைப் பாரு. இடம், தேதி எல்லாம் போட்டிருக்கான்.

தம்பி: குடுங்க... அட... இது...

மாமா: என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. அட்டை... ஓரத்துல கிழிஞ்சிருக்கு.

அக்கா: அதைக் கீழ வைடா.

மாமா: தேதியைப் பார்த்தியா? எனக்கு அது மறக்குமா! உங்க அக்காவைப் பார்க்க முதல் முதலா உங்க வீட்டுக்கு வந்த நாள். புதுச் சட்டை, காலர் கழுத்தை அறுக்குது. நீ வாசல்ல நின்னு, அக்காவுக்குக் காய்ச்சல், நூத்தி நாலுன்னு...

தம்பி: நூத்தி மூணுன்னுதான் சொன்னேன்...

அக்கா: டேய்.

தம்பி: இல்ல, சும்மா ஒரு ஞாபகம்...

அக்கா: இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. அன்னைக்கு நான் காய்ச்சல்ல படுத்திருக்கேன். அப்புறம் எப்படி அந்த ஹால்ல போய்த் தும்முவேன்?

மாமா: அதுதாம்மா எனக்கும் புரியலை. ராத்திரி பூரா யோசிச்சேன். கணக்கு உதைக்குது. ஆனா தும்மல் உன்னோடதுதான்.

தம்பி: மாமா, எதுக்கு வம்பு... நான் கழட்டி எடுத்துட்டுப் போயிடறேனே.

மாமா: பாருய்யா, கொண்டாந்தவனே தூக்கிட்டு ஓடப் பார்க்கிறான்!

அக்கா: இருடா. பயந்து ஓடற மாதிரி ஆயிடும். போடுங்க அந்த ரெக்கார்டை. அது என் தும்மல்னா பெட்டி இங்கேயே இருக்கட்டும், நான் மெஷினை உள் ரூமுக்கு மாத்திக்கறேன். இல்லைன்னா இப்பவே கிளம்பணும். அப்புறம் ஆம்ப்ளிஃபயர்ங்கிற பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது.

மாமா: யார் தீர்ப்பு சொல்றது?

அக்கா: நான்தான். என் தும்மல் எனக்குத் தெரியாதா?

மாமா: நீயே கட்சிக்காரி, நீயே ஜட்ஜா? பரவாயில்லை, எனக்கென்ன பயம்! மச்சான், ரெண்டாவது பக்கம். கடைசி உருப்படிக்கு முன்னாடி கைதட்டு வரும். முதல்ல பழசுல போடு.

தம்பி: ம்... இதோ...

மாமா: கேளு. உம்ம்ம்... கைதட்டு... உம்ம்ம்... குழல் ஆரம்பிச்சுட்டார். நடுவுல ஏதாவது கேட்டுச்சா?

அக்கா: ஒரு மண்ணும் கேக்கலை.

மாமா: இப்ப வயரைப் புதுசுக்கு மாத்து.

தம்பி: அக்கா... நிச்சயமாவா?

அக்கா: மாத்துடா. அவ்வளவு பெரிய ஹால்ல என்ன கேட்டுடப் போகுது.

மாமா: உஷ்... கைதட்டு அடங்குது... யாரோ நாற்காலியை நகர்த்தறார்... இப்போ... ஒண்ணு!... ரெண்டு!...

தம்பி: முடிஞ்சு போச்சு போல மாமா...

மாமா: உஷ்! இரு... இரு... மூணு! கேட்டுதா? கூடவே 'ஐயோ'ன்னு ஒரு குட்டிக் குரல்! ரெண்டு தும்மி, சரி ஓய்ஞ்சுதுன்னு ஊரே நம்பினதுக்கு அப்புறம் மூணாவது போடற ஆள், உலகத்துலயே ஒருத்திதான்!

தம்பி: அது... எவனோ கிழவன் மாமா. மூக்குப்பொடி போடற ஆளா இருக்கும்.

அக்கா: கிழவனா?

தம்பி: கிழவன்தான் அக்கா, நீ பேசாம இரு... கரகரன்னு என்ன குரல் அது...

மாமா: ஜட்ஜம்மா, தீர்ப்பு?

அக்கா: ...நான் இல்ல.

மாமா: இன்னொரு தடவை போடட்டுமா?

அக்கா: வேண்டாம். நான் இல்லைன்னா இல்ல.

மாமா: ...சரி. கழட்டு மச்சான்.

தம்பி: நிஜமாவா மாமா?

மாமா: பேச்சுன்னா பேச்சு. உங்க அக்கா சொல்றதுதான் சரியா இருக்கும். நாப்பது வருஷமாப் பக்கத்துல இருந்து கேட்ட தும்மல் இது. அதையே தப்பாச் சொல்றேன்னா, என் காதை மில்லு தின்னுடுச்சுன்னுதானே அர்த்தம்? போன காதுக்கு எதுக்குப் புதுப் பெட்டி... பழசே போதும். இல்ல, அதுவும்கூட வேண்டாம்.

அக்கா: என்ன பேச்சு இது?

மாமா: கோவமெல்லாம் இல்லம்மா. சிவப்பு வயரை முதல்ல கழட்டணுமா மச்சான்?

அக்கா: டேய், கையை எடு.

தம்பி: அக்கா, வேண்டாம்... ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருக்கோம்...

அக்கா: எடுடா கையை! இந்தாங்க, இப்படித் திரும்புங்க. உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலை.

மாமா: அப்படின்னா?

அக்கா: காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் முன்னாடியே எடுத்த டிக்கெட். நீங்க முந்தின நாள் சொல்லி அனுப்பிட்டு வந்து நிக்கறீங்க, நான் என்ன பண்ணுவேன்? இவன் முன்வாசல்ல உங்களுக்குக் காய்ச்சல் கதை சொல்லிட்டிருந்தான், நான் பின்வாசல் வழியாப் போயிட்டேன். மூணாவது வரிசை, ஒரே தூசி. குழல்காரர் என்னை ஒரு முறை முறைச்சுட்டுத்தான் அடுத்ததை ஆரம்பிச்சார். அந்த ஐயோகூட அதுக்குத்தான்... கிழவனாம், கிழவன்! மூணும் நான்தாங்க.