சுடலையம்மாளுக்காக நான் வைத்த கைநாட்டு

மேடையில் இருக்கும் டாக்டர்மார்களே, தலைமை ஏற்றிருக்கும் ஆவுடையப்பன் ஐயா அவர்களே, ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருக்கும் மில் சனங்களே! எல்லாருக்கும் என் கும்பிடு.

நான் சங்கரலிங்கம், பழைய மேஸ்திரி. எழுத்து வாசனை இல்லாதவன். மறைந்த டாக்டர் கிருபாபாய் அம்மையாரின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். என் சிறுமையைச் சொல்லாமல் அதை எப்படிப் பேசுவேன்?

பதினோரு வருசத்துக்கு முன்னால், பஞ்சுத் தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்று ஆராய அம்மையார் எங்கள் மில்லுக்கு வந்தார்கள். மெஷின் குழாயில் மூச்சை ஊதணும். முதலில் காகிதத்தை வாசித்துக் காட்டி, "இஷ்டம் இருந்தா கைநாட்டு வைங்க. வேண்டாம்னாலும் சரி, ஏன்னு கேக்க மாட்டோம்" என்றார்கள். யோசிக்க ஒரு நாள் கொடுத்து, கைநாட்டு வைத்த காகிதங்களை வாங்கித்தர என்னை நம்பினார்கள். என்னை!

மறுநாள் என் லைனில் வேலை பார்த்த சுடலையம்மாள் சொன்னாள்: "அண்ணாச்சி, நான் ஊதல. மூச்சு கொறைவுன்னு தெரிஞ்சா வேலையவிட்டு நிப்பாட்டிருவாக."

"ஏட்டி, அந்தம்மா உன்னய என்ன கடிச்சா திங்கப் போவுது? எம்புட்டு நேரம் நிக்கேன்!" என்று அவள் காகிதத்தில் என் பெருவிரலையே உருட்டினேன். என் லைன் ஆளுக்கெல்லாம் நான்தானே வாய்! பயந்துபோய் ஊதினாள். மெஷின் பக்கத்திலேயே நின்று, அவள் மூச்சு குறைவென்று கேட்டுக்கொண்டேன். மேனேஜர் விசாரித்தபோது அதையும் சொன்னேன். அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை.

ஊர் யாரை ஏசியது? டாக்டரை! நான் வாய் திறந்தேனா? இல்லையே!

அது நான் உருட்டிய கைநாட்டு என்று தெரிந்ததும் அம்மையார் அவள் வீட்டுக்கே போய், "தாயி, உன் வாயால கேக்காம காகிதத்த நம்புனது என் தப்பு" என்று கைகூப்பினார்கள். இன்னும் எத்தனை பேரை நான் மிரட்டினேனோ என்று, நாலு மாசமாய் நடத்திய ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். வேலைக்காக மில் மில்லாக அவளோடு ஏறி இறங்கினார்கள். என்னிடம் ஒரே வார்த்தை: "மேஸ்திரி, நீங்க நிக்கிற எடத்துல அவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வராது. வெளிய நில்லுங்க."

அந்த ஆராய்ச்சியை அவியகிட்டப் படிச்ச டாக்டர் பிள்ளைகள் இப்போது மறுபடி தொடங்குகிறார்கள். எந்த மேஸ்திரியும் உள்ளே நிற்காதபடி மூச்சு ஊதுற எடத்து வாசலுக்கு வெளியே நான் காவல் இருப்பேன். இது அம்மையாருக்கு என் வாக்கு.

சுடலையம்மா, மூணாவது வரிசையில் நீ இருப்பது தெரிகிறது. இத்தனை சனத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன், தாயி. பக்கத்தில் இருக்கிறவர்களே, "வயசானவர் கேக்காருல்ல, சரின்னு சொல்லு" என்று அவளை யாரும் இடிக்காதீர்கள். அவளுக்கு மனசு இல்லையென்றால், இல்லைதான்.