இரண்டாவது வரி ஓடவில்லை

சாட்சியின் பெயரும் வீட்டு விலாசமும் தனித்தாளில் குறிக்கப்பட்டுள்ளன. பெண், வயது நாற்பத்தாறு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மையத்தில் தரவுத்தள நிர்வாகி. வேலையிடத்தில் "டேட்டா அக்கா" என்று கேட்டால்தான் தெரியும். விசாரணை அதிகாரி முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடும் தாங்க முடியாத அலுப்போடும் நான் சொல்வதாவது:

எந்த நோயாளி எந்த நாளில் எந்தப் படுக்கையில் என்ற முறைப் பட்டியல் முழுவதும் எங்கள் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து முந்தின நாள் மாலையில் ஒவ்வொருவர் கைபேசிக்கும் "நாளை உங்கள் முறை, தவறாமல் வரவும்" என்று செய்தி தானாகவே போகும். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் பெண் என்னோடு வேலை பார்ப்பவள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விசைப்பலகையில் கை பறக்கும் என்பதால் எல்லோரும் "ஸ்பீடு" என்று கூப்பிடுவோம். அவள் வேண்டுமென்றே பட்டியலை அழித்தாள் என்று எங்கள் மையத்தின் இயக்குநர் புகார் கொடுத்திருக்கிறார். அது பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சம்பவத்தன்று காலை எங்கள் அறைத் தொலைபேசி அடித்தது. ஸ்பீடு ஒலிபெருக்கியில் போட்டாள், ஆகவே நானும் கேட்டேன். பேசியவர் எங்களிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் மனைவி. டிரைவர் இறந்து போய்விட்டார். ஆனால் எங்கள் செய்தி மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் கைபேசிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. "அவர் வரமாட்டார்னு எத்தன தடவைம்மா சொல்றது?" என்று அந்த அம்மாள் கேட்டார். வரவேற்பில் சொன்னாராம், கணக்குப் பிரிவில் சொன்னாராம், எல்லோரும் சிஸ்டத்தில் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்களாம். ஸ்பீடு "இப்பவே எடுத்துடறேம்மா" என்றாள். அதன் பிறகு அந்த அம்மாள் அழுதார், இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

அவள் எழுதிய கட்டளை இரண்டு வரி. முதல் வரி, முறைப் பட்டியலிலிருந்து அழி. இரண்டாவது வரி, எந்த நோயாளியுடையது என்பது. அதில் டிரைவரின் நோயாளி எண் இருந்தது. எழுதியதைச் சரிபார்க்கும்போது சுட்டியால் எழுத்தின் மேல் தேய்த்துக்கொண்டே படிப்பது அவளுடைய பழக்கம். முதல் வரியைத் தேய்த்தாள், அது நீலமாகியது, அந்த நிலையிலேயே ஓட்டும் விசையை அழுத்திவிட்டாள். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு, தேய்த்து வைத்த பகுதி எதுவோ அதை மட்டும்தான் ஓட்டும். முதல் வரி ஓடியது, இரண்டாவது ஓடவில்லை. எல்லோருடைய முறையும் போய்விட்டது. அழிந்தவற்றின் எண்ணிக்கை திரையில் வந்த உடனே "அக்கா, இவ்ளோ வரக் கூடாதே" என்று கத்தினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

அதற்குள் வெளியே நோயாளிகள் வந்துவிட்டார்கள். யாருக்கு எந்தப் படுக்கை என்று தெரியாமல் செவிலியர்கள் ஆளாளுக்கு ஓடினார்கள். வரிசையில் நின்ற ஒரு தையல்காரர் மயங்கி விழுந்து, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். பிழைத்துக்கொண்டார், புண்ணியம். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இங்கே இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

காப்பு நகல் எங்கே என்று அதிகாரி கேட்டார். தினமும் எடுப்பதாகத்தான் ஏற்பாடு. நகலைச் சேமிக்கும் வட்டு நிரம்பிப் போனதால் பல நாட்களாக எடுக்கப்படவில்லை, அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல் வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முகவரியை மாற்றவும், நகலை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்கவும் அனுமதி கேட்டு இயக்குநரிடம் நடையாய் நடந்தேன். ஏற்றிப் பார்க்காத நகல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவர் "பாப்போம், பாப்போம்" என்றார். கடைசியில் பழைய நகல் ஒன்றைத் தேடிப்பிடித்து ஏற்றினேன். அதற்குப் பிந்தைய மாற்றங்களைச் செவிலியர்கள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லச் சேர்த்தேன்.

கவனமாக இருப்பவர் என்ன செய்வார் என்று அதிகாரி கேட்டார். அழிப்பதற்கு முன் அதே நிபந்தனையைப் போட்டு, என்னென்ன வரும் என்று வெறுமனே பார்க்க வேண்டும். அதன் பிறகு பரிவர்த்தனை என்கிற தற்காலிக நிலையைத் தொடங்கிவிட்டு அழித்தால், உறுதி செய்யும்வரை பின்வாங்கிக்கொள்ளலாம். பழகுவதற்கு ஒரு தளமும் நிஜத்துக்கு ஒரு தளமும் இருந்தால், ஒன்றை மற்றது என்று குழம்பாதபடி நிஜத்தின் திரையைச் சிவப்பாக்கி வைக்க வேண்டும். புதிதாக வருபவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுக்க வேண்டும். எங்கள் மையத்தில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், எல்லா உரிமையும். அது இயக்குநர் உத்தரவு. இதையெல்லாம் நான் எத்தனை கூட்டத்தில் சொன்னேன் என்பதை நினைத்தாலே தூக்கம் வருகிறது.

விடுப்பு மறுத்த கோபத்தில் செய்தாள் என்கிறார் இயக்குநர். விடுப்பு மறுத்தது உண்மை, கோபம் இருந்ததும் உண்மை. எனக்கும்தான் கோபம் இருக்கிறது, வருடக்கணக்கில் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அழிக்க நினைப்பவள் எதற்கய்யா இரண்டாவது வரி எழுத வேண்டும்? அந்த வரி திரையில் அப்படியே இருந்தது. அதைப் படம் எடுத்து இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

வழக்கு முடியும்வரை தரவுத்தளத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்று உத்தரவு. பழைய நகலில் டிரைவரும் திரும்பி வந்துவிட்டார். நேற்று மாலை அவருக்கு மறுபடியும் செய்தி போயிருக்கிறது. அந்த அம்மாள் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு, "அந்தப் பொண்ண விட்டுடச் சொல்லும்மா. அவ ஒருத்திதான் ‘எடுத்துடறேன்’னு சொன்னா" என்றார். கேட்டால் இங்கே வந்து சொல்லவும் தயார் என்றார்.

என் வேண்டுகோள் இரண்டு. பெஞ்சில் இருப்பவளை வீட்டுக்கு அனுப்புங்கள், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டிரைவரின் முறையை மட்டும் நீக்க அனுமதி கொடுங்கள். அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். விசையை ஸ்பீடுதான் அழுத்த வேண்டும். அந்த அம்மாளுக்கு அவள்தான் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "கவனக்குறைவாக" என்று ஓரிடத்தில் இருந்ததை "அழுதுகொண்டே" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மீதியெல்லாம் நான் கண்டது, கேட்டது, உண்மை.

(ஒப்பம்)