வித்தியாசம் இரட்டிப்பாகத் திருப்பித் தரப்படும்

உங்கள் படிவத்துக்கு நல்ல காகிதம் போட்டிருக்கிறீர்கள், ரூபினி. எங்கள் மலை ஈரத்தில் எந்தக் காகிதமும் இரண்டே நாளில் ஊறிய அப்பளமாகிவிடும். இது பத்து நாளாக என் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தும் விறைப்பாகவே இருக்கிறது. பயனீட்டாளர் சங்கத்துக்குக் காகிதம் வாங்க மட்டும் எப்படியோ பணம் வந்துவிடுகிறது.

அன்று நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள். "பதினொரு கேள்விதான் அங்கிள், டிக் பண்ணா போதும்லா" என்று கொடுத்துவிட்டு, கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விட்டீர்கள். ஒன்பது கேள்விகளுக்கு டிக் போட்டுவிட்டேன். ஏழாவதில் பேனா நின்றுவிட்டது. 'குறைந்த விலை வாக்குறுதியால் உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் பயனடைந்தார்களா?' கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அது போதாது. பின்பக்கத்தில் எழுதுகிறேன். மற்றொரு கேள்வியையும் மிச்சம் வைத்திருக்கிறேன். அது கடைசியில்.

என் பெயர் திருச்செல்வம். தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலை முனையில் இருபத்திரண்டு வருடமாக மினி மார்க்கெட் வைத்திருக்கிறேன். என் கடையிலிருந்து நாலு கிலோமீட்டர் மேலே ஏறினால் மேல் டிவிஷன், தோட்டத் தொழிலாளர் லயம். முப்பது வீடு. பாதி வீட்டில் வங்காளதேசத்துப் பையன்கள். மீதியில், ஓய்வு பெற்றும் இறங்கிப் போக வேறு இடமில்லாத நம்மவர்கள்.

அந்தப் பலகையை நீங்களே படம் எடுத்தீர்கள். 'வேறு கடையில் விலை குறைவா? ரசீதைக் காட்டுங்கள். வித்தியாசம் இரட்டிப்பாகத் திருப்பித் தரப்படும்.' நல்ல சிவப்பு எழுத்து. அடியில் உள்ள சின்ன எழுத்து உங்கள் படத்தில் விழுந்திருக்காது: இந்தச் சாலையில் உள்ள கடைகளுக்கு மட்டும். தானா ராத்தாவில் இருக்கும் பெரிய சூப்பர்மார்க்கெட்டோடு மல்லுக்கு நிற்க எனக்கென்ன பைத்தியமா? இந்தச் சாலையில் என்னைத் தவிர இருந்தது ஒரே ஒரு வியாபாரம்தான். காளியம்மாவின் வேன்.

காளியம்மா கணவனை இழந்தவள். வெள்ளை வேன் ஒன்றில் அரிசி, எண்ணெய், டின் மீன், வெங்காயம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் மேல் டிவிஷனுக்குப் போவாள். கடை வாடகை இல்லை, விளக்குச் செலவு இல்லை. பத்துக் கிலோ அரிசி என்னிடம் நாற்பத்திரண்டு வெள்ளி என்றால் அவளிடம் முப்பத்தொன்பது. அதுவும் வீட்டு வாசலில்.

பலகை மாட்டிய பிறகு என்ன நடந்தது என்பதை உங்கள் சங்கம் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். அவள் முப்பத்தொன்பதுக்கு விற்றதாக ஒரு சீட்டைக் காட்டினால், நான் வித்தியாசம் மூன்று வெள்ளியை இரட்டிப்பாக்கி ஆறாகத் திருப்பித் தருவேன். அரிசி முப்பத்தாறுக்கு முடிந்தது. பிறகு யார் அவளிடம் வாங்குவார்கள்? சீட்டு மட்டும்தான் வாங்கினார்கள். "அக்கா, அரிசி வேணாம், சும்மா ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்று வேனைச் சுற்றி நின்றார்கள். அவளும் எழுதிக் கொடுத்தாள். தேதி, விலை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக. ஏழைகளுக்கு ஆறு வெள்ளி கிடைக்கிறதே என்று நினைக்கிற ரகம் அவள். தன் கடைக்குத் தானே பூட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விலையைக் குறைத்துப் பார்த்தாள். குறைத்த அன்றே எனக்குச் செய்தி வந்துவிடும். வேவு பார்க்க ஆள் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, வாடிக்கையாளர்களே சீட்டோடு வந்து சொன்னார்கள். அவள் எவ்வளவு குறைத்தாளோ அவ்வளவுக்கு என் கடையில் கூட்டம் கூடியது. ஒரு கட்டத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. குறைப்பதை நிறுத்தினாள். ஆக, இந்த வாக்குறுதி விலையைக் குறைக்கவில்லை ரூபினி, குறைக்க நினைத்தவளின் கையைக் கட்டிப்போட்டது. எட்டு மாதம் நான் நட்டத்தில் விற்றேன். அதைத்தான் உங்கள் மூன்றாவது கேள்வியில் 'மக்கள் நலச் சலுகை' என்று போட்டிருக்கிறீர்கள்.

எட்டாவது மாதம் காளியம்மா என் கடைக்கு வந்தாள். கையில் நீல நிற ஐஸ் பெட்டி.

"அண்ணே, அடுத்த வாரத்திலேருந்து நான் வரலை."

"ஏம்மா, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சீட்டு எழுதி எழுதி கைதான் வலிக்குது. வேன்ல வெங்காயம் வித்தவளுக்குச் சம்பளமில்லாம கணக்கு எழுதுற கிராணி வேலை போட்டுக் குடுத்துட்டீங்களே" என்று சிரித்தாள். வன்மம் இல்லாத சிரிப்பு. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பெட்டியை மேசைமேல் வைத்தாள். "இதுக்கு வெலை கெடையாது, அதனால நீங்க பயப்பட வேணாம். ராமையா அண்ணனுக்கு இன்சுலின். மாசத்துக்கு ஒரு தடவை தானா ராத்தா கிளினிக்ல வாங்கி, மேல கொண்டு போய்க் குடுப்பேன். ஒங்க லோரிதான் செவ்வாக்கெழம டவுனுக்குப் போகுதே. நீங்க செய்வீங்களாண்ணே?"

ராமையா எழுபது வயது. நாற்பது வருடம் கொழுந்து வெட்டியவர். இனிப்பு நீர் முற்றி, கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். மகள் நளினிதான் தினமும் ஊசி போட்டுவிட்டு கியா பார்முக்கு வேலைக்குப் போவாள்.

கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி, "காளியம்மா செஞ்சதை நான் செய்ய மாட்டேனா? அவங்க என்ன குடுத்தாங்களோ அதையே நானும் குடுப்பேன். அதானேலா நம்ம கடை" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கையைக்கூடத் தட்டினார்.

"எப்படி வெக்கணும்னு சொல்லிடறேன், கேளுங்க" என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஐஸ்கிரீம் விக்கிறவனுக்குச் சில்லுனு வெக்கச் சொல்லித் தரணுமா?" என்றேன். கடையில் சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்விட்டாள்.

அடுத்த மாதமே அரிசி நாற்பத்தேழு. பலகை அப்படியே இருந்தது. வாக்குறுதியை நான் திரும்பப் பெறவே இல்லை. ரசீது கொடுக்கத்தான் ஆள் இல்லை. மேல் டிவிஷனில் முணுமுணுப்பு கிளம்பியது. காளியம்மா இன்னும் வேனை விற்கவில்லை, போய்க் கூப்பிட்டால் வருவாள் என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதுக்கும் வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் செய்ததை வெறும் கவனக்குறைவு என்று நினைத்துவிடுவீர்கள்.

முதல் மாத மருந்தை அவளே வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நின்றாள். இரண்டாவது மாதம் என் முறை. செவ்வாய்க்கிழமை லோரியில் போய், நீலப் பெட்டிக்குள் இருந்த ராமையாவின் கிளினிக் புத்தகத்தைக் காட்டி, ஐந்து ஊசிப் பேனாக்களை வாங்கி வந்தேன். கடையில் பத்திரமான இடம் எது என்று யோசித்தேன். ஐஸ்கிரீம் பெட்டிக்குள், சாக்லேட் குச்சிகளுக்கு அடியில் வைத்தேன். அதைவிடக் குளிர்ந்த இடம் என்னிடம் இல்லை.

புதன்கிழமை எடுத்துப் பார்த்தபோது பேனாக்களுக்குள் மருந்து கல்லாகியிருந்தது. அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அப்போதுதான் பிரித்தேன். உறைய வைக்கக் கூடாது, உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது என்று மலாயில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு மலாய் நன்றாகப் படிக்க வரும். இரண்டு முறை படித்தேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பின்னொரு நாள் கிளினிக்கில், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் மலைக் குளிருக்கு அதைச் சும்மா அரிசி மூட்டைமேல் வைத்திருந்தாலே ஒரு மாதம் கெடாமல் இருந்திருக்குமாம். கீழ்நாட்டில் வெயிலுக்குத்தான் இத்தனை பாடு.

புதன்கிழமை மதியமே தானா ராத்தாவுக்குப் போயிருக்கலாம். அரைமணி நேரப் பயணம். தப்பு செய்துவிட்டேன் என்றால் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு கொடுத்திருப்பார். ஆனால் ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை கொடுத்ததை அவர் புத்தகத்தில் எழுதுவார், மேல் டிவிஷனில் ஏன் என்று கேட்பார்கள். ஐஸ்கிரீம் பெட்டிக் கதை சந்திக்கு வந்துவிடும். காளியம்மா இத்தனை வருடம் ஒழுங்காகச் செய்ததை இவன் முதல் தடவையே கெடுத்துவிட்டான் என்பார்கள். அவளைக் கூப்பிட அவர்களுக்கு அந்த ஒரு சாக்கு போதும்.

மேலும், ஞாயிற்றுக்கிழமை எனக்கு விழா இருந்தது. வட்டார வணிகர் சங்கம் 'பயனீட்டாளரின் தோழன்' என்று விருது கொடுப்பதாக இருந்தது.

பேனாக்களை அடுப்பங்கரையில், வெந்நீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். உருகிவிட்டது. துடைத்து, காளியம்மாவின் நீலப் பெட்டியிலேயே வைத்து, சொன்னபடி வியாழக்கிழமை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். ராமையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "காளியம்மா நின்னுட்டான்னதும் பயந்துட்டேன் தம்பி" என்றார்.

சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில் நளினி கடைக்குள் வந்தாள். கையில் ஒரு பேனா.

"மாமா, இது எப்பவும் பால் மாதிரி இருக்கும். இப்ப தூளு தூளா நிக்குது. போடலாமா?"

ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. வாடிக்கையாளர்கூட யாரும் இல்லை. "குளிருக்கு அப்படித்தான்மா இருக்கும். நல்லா குலுக்கிட்டுக் குத்து" என்றேன்.

"சரி மாமா" என்று போய்விட்டாள். அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். 'பயனீட்டாளரே மன்னர்' என்பதைப் பதினாறு தடவை சொன்னார், எண்ணினேன். எண்ணாமல் இருந்தால் வேறு எதையாவது நினைக்க வேண்டியிருக்கும். எனக்குப் போர்த்திய பொன்னாடை ரிங்லெட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும். விழாவில் யாரும் ரசீது கேட்கவில்லை.

மூன்று வாரம் நளினி தினமும் குலுக்கிக் குலுக்கிக் குத்தியிருக்கிறாள். அவருக்குத் தாகம் அடங்கவில்லை. பிறகு வாந்தி. பிறகு பேச்சு குழறியது. மூடுபனி மண்டிய ஒரு காலையில் தோட்டத்து லோரியில் இறக்கிக்கொண்டு போனார்கள். என் கடையைத் தாண்டித்தான் போனது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். அவ்வளவுதான்.

சாவு வீட்டில், இனிப்புப் பால் டின் காப்பியை அவர் விடவே இல்லை என்று யாரோ சொன்னார்கள். "ஆமா, போன வாரம்கூட ரெண்டு டின் வாங்குனாரு" என்றேன். அது பொய்யில்லை. வாங்கினார். பேரப் பிள்ளைகளுக்காக வாங்கினார். பின்பாதியை நான் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ராமையா நாக்கை அடக்காமல் செத்தார் என்று முடிவாகிவிட்டது.

நளினி மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "ஆஸ்பத்திரில ஒழுங்கா ஊசி போட்டீங்களான்னு கேட்டாங்க மாமா. தினம் போட்டேன். எனக்குத்தான் சரியாக் குத்தத் தெரியல போல. எங்கப்பாவ நானே கொன்னுட்டேன்" என்றாள்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றேன்.

அதிலிருந்து அவள் ஊசியைக் கண்டால் நடுங்குகிறாளாம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடக்கூட அவளால் கிளினிக்குள் போக முடியவில்லை. இது நடந்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. காளியம்மா வேனை விற்றுவிட்டு திரிங்காப்பில் கோஸ் அடுக்கும் வேலைக்குப் போகிறாள். அவள் வேனில் இப்போது கோஸ் போகிறது.

போன வாரம் நளினி அரிசி வாங்க வந்தாள். நாற்பத்தொன்பது வெள்ளி கொடுத்தாள். நான் காளியம்மாவின் பழைய முப்பத்தொன்பதை நினைத்து, இருபது வெள்ளியை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"என்ன மாமா இது?"

"வித்தியாசம்மா. போர்டுல போட்டிருக்குல்ல."

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதோட வித்தியாசம் மாமா? இங்க ஒங்க கடைய விட்டா வேற எது இருக்கு?" என்று பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம்தான் உங்கள் படிவத்தைத் தேடி எடுத்தேன்.

ஆக, ஏழாவது கேள்விக்குப் பதில். நான் காளியம்மாவின் விலைக்குக் கொடுத்தேன். அவள் கொடுத்ததைக் கொடுக்கவில்லை. ராமையாவுக்கு நான் கொடுத்தது மருந்தில்லை என்று எனக்குக் கொடுக்கும்போதே தெரியும். நளினி கேட்டபோதும் தெரியும். அவள் கொல்லவில்லை. நான்தான்.

இதை எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நளினியிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

மிச்சம் வைத்த கேள்வி பதினொன்றாவது. 'உங்கள் பதில்களைப் பிறருடன் பகிரச் சம்மதமா?' நிறைய யோசித்து 'இல்லை' என்று டிக் போட்டிருக்கிறேன். தவறாக நினைக்காதீர்கள் ரூபினி, எனக்காக இல்லை. கடைக்குக் கெட்ட பெயர் வந்தால் மேல் டிவிஷன் ஜனங்கள் பாவம், எங்கே போவார்கள்? அவர்களுக்கு வேறு கடை கிடையாது.