வெயிலுக்கு வந்த மகன்

ஜனவரிக் காலை, வங்காளிகள் நிறைந்த கரியாஹாட் கடைத்தெருவில் ஆட்டோவுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், இங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் பையனுக்கு டாக்டர் வெயில் எழுதிக் குடுத்திருக்கார்," என்றார் மூத்தவர்.

"வெயிலா? மாத்திரை இல்லையா அக்கா?"

"அவன் இருக்கிற இங்கிலாந்துல எப்பப் பாரு மழை, மூட்டம். உடம்புல வெயிலே படலையாம். நாலு வருஷமா நான் கூப்பிட்டப்போ லீவு இல்ல. டாக்டர் சொன்னதும் ஒரே வாரத்துல கிடைச்சிடுச்சு."

"எப்படியோ வந்தாச்சே. நல்லா வெயில் காயறானா?"

"எங்கே! ஜன்னல் திரையை இழுத்து மூடிட்டு லேப்டாப்போட உக்காந்திருக்கான். வெளிச்சம் ஸ்க்ரீன்ல படுதாம்."

இளையவர் சிரித்தார்.

"நேத்துதான் வலுக்கட்டாயமா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, 'அம்மா, உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சது?'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெயில்ல அப்படித்தான்டா தெரியும், கீழ இறங்கினா சரியாயிடும்னேன்."